ஐயர்மலையில் அம்மாவின் வேண்டுதல்

என் மகனுக்குப் பதினொரு மாதம் இருக்கும்போது நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். இதயத்தில் ஓட்டை. ஆபரேஷன் தியேட்டர் கதவு சாத்தியதும் அம்மா மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ரத்தினகிரீசா, இந்தப் பிள்ளை தன் காலால நடந்து உன் மலை ஏறி வரணும். கடம்பர், சொக்கர், ஈங்கோய்நாதர், மூணு பேரு வாசலுக்கும் ஒரே நாள்ல கூட்டிட்டு வர்றேன்" என்று வேண்டிக்கொண்டார். ரத்தினகிரீசர் என்றாலும் சொக்கர் என்றாலும் ஐயர்மலைச் சிவன்தான். கடம்பர் குளித்தலைக் கடம்பன்துறையில் இருப்பவர், ஈங்கோய்நாதர் காவிரிக்கு அக்கரையில் ஈங்கோய்மலையில். அம்மா பிறந்த ஊர் குளித்தலைப் பக்கம். அந்த நேரத்தில் அவருக்கு வேறு எந்த சாமி பெயரும் வாயில் வரவில்லை.

பையன் நன்றாக ஓடி ஆடும் வரை காத்திருந்தோம். அப்புறம் கொரோனா வந்தது, அப்புறம் அம்மாவின் முழங்கால். அவனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. மஞ்சள் துணி எங்கள் பூஜை அலமாரியிலேயே இருந்தது. விளக்கேற்றும்போதெல்லாம் கண்ணில் படும், மனசு உறுத்தும். சென்ற கார்த்திகையில்தான் வேளை கூடி வந்தது. சோமவாரம். "காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தி ஈங்கோய்நாதர்" என்று எங்கள் பக்கம் சொல்வதை கார்த்திகைச் சோமவாரத்தில் செய்தால் அதற்கு ஈடே கிடையாது.

விடியும் முன்பே கடம்பன்துறையில் இறங்கிவிட்டோம். காவிரி கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் சில்லென்று இருந்தாலும் பையன் மூன்று முழுக்குப் போட்டு எழுந்தான். அம்மா ஒரு பித்தளைச் சொம்பைக் கழுவிக் கழுவி, மூன்றாவது தடவையாக முகந்த தண்ணீரை நிரப்பி, வாயில் வாழையிலைத் துண்டைக் கட்டி அவன் கையில் கொடுத்தார். ஐயர்மலையில் தினமும் காவிரித் தண்ணீர்தானே சாமிக்கு. அன்று பேரன் கையால் ஒரு சொம்பாவது போகட்டும் என்று அவருக்கு ஆசை. வேட்டி கட்டி, துண்டை மார்பு மறையப் போர்த்துக்கொண்டு வந்தான். அந்தத் தழும்பை அவன் யாருக்கும் காட்ட மாட்டான். பள்ளிக்கூடத்தில் யாரோ ஏதோ கேட்டதிலிருந்து, வீட்டில்கூட சட்டை இல்லாமல் இருப்பதில்லை.

கடம்பவனேசுவரர் காவிரியைப் பார்த்து வடக்கு நோக்கி இருப்பவர். சப்த கன்னியர் அவருக்குப் பின்னால் கருவறைக்குள்ளேயே இருக்கிறார்கள். கூட்டம் சேரும் முன்பு நின்று நிதானமாகப் பார்த்தோம். ஏழு பேரையும் அம்மா விரல் விட்டு எண்ணிவிட்டுத்தான் நகர்ந்தார். அது நிறைவான தரிசனம்.

அங்கிருந்து மணப்பாறை சாலையில் ஐயர்மலை. வாய்க்கால் தண்ணீர் பாயும் வரைக்கும் இரண்டு பக்கமும் வாழையும் நெல்லும் வெற்றிலைக் கொடிக்காலும். அதைத் தாண்டினால் மண்ணின் நிறமே மாறிவிடுகிறது. பனை, வேலிகாத்தான், ஆடு மேய்கிற மேட்டுக்காடு. அந்த மேட்டுக்காட்டுக்கு நடுவே, யாரோ பாறைகளை அள்ளிக் குவித்துவைத்த மாதிரி ஒற்றையாக நிற்கிறது மலை. சுற்றிலும் அதன் உயரத்துக்கு வேறு ஒன்றும் இல்லை. சின்ன வயதில் இதைப் பார்த்துத்தான் நேரம் கணிப்போம் என்றார் அம்மா. மலை நிழல் அவர்கள் கிணற்றைத் தொட்டால் மாடு பிடிக்கப் போக வேண்டுமாம்.

அடிவாரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வண்டியை விட்டு இறங்கும் முன்பே இரண்டு பேர் கதவைப் பிடித்துக்கொண்டார்கள். வரிசையில் நிற்காமல் உள்ளே விடுகிறோம், அபிஷேகத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், தலைக்கு இவ்வளவு என்று பேரம். வேண்டாம் என்றாலும் விடுவதாக இல்லை. வேண்டுதலோடு வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தாலே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது போலிருக்கிறது. அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார். "இவன் உசுருக்கு நான் பேரம் பேசலை தம்பி, தரிசனத்துக்கும் பேச மாட்டேன்." அதற்கு மேல் அவர்கள் நிற்கவில்லை.

2024-இல் ரோப்கார் வந்துவிட்டது. வயதானவர்களுக்குப் பெரிய உதவி. அம்மாவை அதில் வரச் சொல்லி நானும் என் கணவரும் எவ்வளவோ கெஞ்சினோம். "பிள்ளையை நடக்கவிட்டுட்டு நான் தொட்டில்ல போறதா?" என்று சொல்லிவிட்டு முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டார்.

மொத்தம் 1017 படி. அம்மாவுக்கு எழுபத்தோரு வயது. முதல் இருநூறு படி கதை சொல்லிக்கொண்டே ஏறினார். பால் குடத்தைக் கவிழ்த்த காகம் எரிந்துபோன கதையைக் கேட்டதிலிருந்து பையன் வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். அன்று முழுக்க மலை மேல் ஒரு காக்கையைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. குரங்குகள்தான் பையைப் பையைப் பார்த்தன. வியாபாரம் முடித்து வந்த பதினொரு செட்டியார்கள் பங்கு பிரித்தபோது எண்ண எண்ணப் பன்னிரண்டு பங்கு வந்ததாம், பன்னிரண்டாவது ஆள் யார் என்று தேடினால் இந்த மலைக்காரர்தானாம். அதைச் சொல்லும்போது அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது.

பாதி ஏறியதும் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வீங்கி, தொட்டாலே முகம் சுளித்தது. வெயில் ஏறிப் படி சுட்டது. உச்சிக்காலத்துக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. "நீங்க போங்க. அவன் ஏறணும்னுதானே வேண்டினேன்" என்றார். பையன் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். "அம்மாச்சி வராம நான் போக மாட்டேன்." எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு வருடம் தள்ளிப்போட்டது நான்தானே, அம்மாவுக்குக் கால் நன்றாக இருந்தபோதே வந்திருக்கலாமே என்று.

அப்போது மேலேயிருந்து ஒருவர் இறங்கி வந்தார். ஈர வேட்டி, தோளில் வெறும் குடம், முப்பது வயது இருக்கும். எங்களைப் பார்த்து நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. குடத்தை என் கணவரிடம் கொடுத்துவிட்டு, "தோளைப் பிடிச்சுக்கங்கம்மா, பாதி வந்தாச்சு" என்று குனிந்தார். இறங்கியவர் மறுபடி ஏறினார். பத்துப் படி, ஒரு நிறுத்தம். பத்துப் படி, ஒரு நிறுத்தம். படி செங்குத்தாக இருந்த இடத்தில் அம்மாவின் பாதத்தை அவரே கையால் தூக்கி அடுத்த படியில் வைத்தார். மேலே போய்ச் சேர்ந்ததும் அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து, குடத்தை வாங்கிக்கொண்டார். பையில் இருந்து தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம் என்று நான் திரும்பிப் பார்ப்பதற்குள் கூட்டத்தில் கலந்துவிட்டார். பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அம்மா ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினார். "நாலு பேராத்தானே வந்தோம்? அஞ்சாவது ஆள் யாருன்னு இனிமே என்னைக் கேக்காதே" என்றார். நான் கேட்கவில்லை. எனக்கும் தெரியும்.

சன்னிதியில் நெரிசல் தாங்கவில்லை. செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு முண்டியவர்கள், குழந்தைகளை இடித்தவர்கள் என்று மனசு சங்கடப்பட்டது. ஆனால் சொம்போடு நின்ற பையனைப் பார்த்ததும் முன்னால் இருந்த ஒரு பாட்டி ஒதுங்கி வழிவிட்டார். சொம்பு கைமாறிக் கைமாறி உள்ளே போனது. ஏறும்போது தளும்பித் தளும்பிப் பாதிதான் மிச்சம் இருந்தது. குருக்கள் வாழையிலையை எடுத்துவிட்டு அப்படியே சாமி தலையில் சாய்த்தார். கடம்பன்துறையில் விடியலில் முகந்த தண்ணீர் உச்சி வேளையில் அவர் முடியில் வழிந்து இறங்கியது. அலங்காரத்துக்கு முன்னால், ஈரம் காயாத லிங்கத்தின் உச்சியில் தீபத்தைக் காட்டி, "தழும்பு பாத்துக்கங்க" என்றார்.

ஆரிய தேசத்து ராஜா வாளால் வெட்டிய இடம். கிரீடத்துக்கு ரத்தினம் கேட்டு வந்தவனை, கொப்பரை நிறையக் காவிரித் தண்ணீர் ஊற்றச் சொன்னாரே, ஊற்ற ஊற்ற நிறையாமல் அவன் கோபத்தில் வாளை ஓங்கினானே, அந்த வெட்டு. முடித்தழும்பர் என்று அதனால்தானே பெயர். அப்பர் வாட்போக்கி என்று பாடியதும் இவரைத்தானே. எத்தனையோ தடவை கேட்ட கதை. ஆனால் அந்த நிமிடம் வரை எனக்கு அது உறைக்கவே இல்லை. எந்த சாமியிடம் வேண்டிக்கொள்கிறோம் என்று தெரிந்தா அம்மா அன்று அந்த வாசலில் வேண்டினார்? "அம்மாச்சி, சாமிக்கும் இருக்கா?" என்று பையன் கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான். அம்மா பதில் சொல்லவில்லை. துண்டுக்குள் கையை விட்டு அவன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். மணி அடித்தது, கற்பூரம் காட்டினார்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரே கண்ணீர்த் திரை. ஐயா, நீ வாங்கிக்கொண்ட வெட்டுக்கு நீ ரத்தினம் கொடுத்தாய். எங்கள் பிள்ளையையும் திருப்பிக் கொடுத்தாய். நாங்கள் பாதிச் சொம்புத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறோம்.

வெளியே வந்ததும் மஞ்சள் துணியை அவிழ்த்து அந்த ஒரு ரூபாயை அவனையே உண்டியலில் போடச் சொன்னார். அப்புறம் பாறை விளிம்புத் திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். வடக்கே காவிரி ஒரு பச்சைப் பட்டைக்கு நடுவே வெள்ளிக் கோடாகக் கிடந்தது. அதற்கும் அப்பால் மங்கலான நீலத்தில் மலைகள். தெற்கே கண்ணுக்கு எட்டிய வரை சிவந்த காடு, நடுவில் தீப்பெட்டி மாதிரி ஓட்டு வீடுகள். காற்று அடித்துக்கொண்டே இருந்தது. பையன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். நான் பார்த்ததை அவன் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இறங்கும்போது அம்மா மறுக்காமல் ரோப்காரில் வந்தார். வேண்டுதல் ஏறுவதற்குத்தானே.

சாயங்காலம் பாலம் தாண்டி, முசிறியைக் கடந்து ஈங்கோய்மலை. அகத்தியர் ஈயாகப் பறந்துபோய்க் கும்பிட்ட இடம். அங்கே அம்மாவால் படியேற முடியவில்லை, அடிவாரத்திலேயே விழுந்து கும்பிட்டார். நான் அவரோடு இருந்துகொண்டேன், பையனும் அவன் அப்பாவும் ஏறினார்கள். இருட்டும் நேரத்தில் தாவித் தாவி இறங்கி வந்தவன், "அம்மாச்சி, தீபம் காட்டினப்ப லிங்கம் பச்சையா மின்னிச்சு!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். மரகதாசலேசுவரர் என்ற தன் பெயருக்கு ஏற்ப ஈங்கோய்நாதர் அவனுக்குக் காட்டிவிட்டார். அம்மா அவன் கண்ணை இரண்டு கையாலும் தடவி, அந்தக் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

காரில் ஏறியதும் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பாலத்தில் வரும்போது கண்ணைத் திறக்காமலே, "தைப்பூசத்துக்கு எட்டூர் சாமியும் கடம்பன்துறைக்கு வரும். பேரனைக் கூட்டிட்டு வா. அந்தத் தம்பியும் வருவாரான்னு பாக்கணும்" என்றார்.