நாலடி மேசையில் மூன்று மானிட்டர்

திருவல்லிக்கேணியில் எனக்கு டிடிபி வேலை. ஆசிரியரின் கையெழுத்துப் பிரதி ஸ்கேனாக வரும். அதைப் பார்த்து அடித்து, இன்டிசைனில் பக்கம் கட்டி, பிடிஎஃப் எடுத்து மெய்ப்புக்கு அனுப்ப வேண்டும். ஒரே மானிட்டரில் மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஆல்ட் கட்டையில் எழுத்தே அழிந்துவிட்டது. போன வருஷம் ஒரு நாவலில் நாலு வரி விட்டுப்போனதை ஆசிரியரே கண்டுபிடித்து போன் செய்தார். அன்று சாயங்காலமே மூன்று திரை போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

கையில் இருந்தது ஒரு பழைய டெல் யூ2412எம். மூலைக்கு மூலை 24 அங்குலம், 1920×1200 புள்ளிகள். இப்போது கடையில் அடுக்கி வைத்திருப்பதெல்லாம் அகலத்துக்கு உயரம் பெரும்பாலும் 16:9, இது 16:10. கேட்பதற்குச் சின்ன வித்தியாசம், ஆனால் பக்கம் கட்டுகிறவனுக்கு அதுதான் எல்லாம். இதன் திரை உயரம் 32.3 செ.மீ. ஏ4 தாள் 29.7. நிஜ அளவிலேயே இரண்டு ஏ4 பக்கங்களை அருகருகே வைத்தாலும் மேலே மெனுவுக்கு இடம் மிஞ்சும். 24 அங்குல 16:9 திரைக்கு உயரம் 29.9 தான். தாளை வைத்தால் தீர்ந்தது. அதனால், “பழசைத் தள்ளிவிட்டு மூன்றும் ஒரே மாடலா வாங்கிடு” என்று நாலு பேர் சொன்னதை நான் கேட்கவில்லை. பந்தயக் கார் விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு அது சரி. அவர்களுக்கு மூன்று திரையும் சேர்ந்து 5760×1080 என்று ஒரே காட்சியாக நிற்க வேண்டும். எனக்கு அப்படியில்லை, ஒவ்வொரு திரைக்கும் ஒவ்வொரு வேலை.

அளவுகோலை எடுத்து மேசையை அளந்தபோதுதான் முதல் அடி விழுந்தது. நாலடி மேசை, அதாவது 122 செ.மீ. 24 அங்குல 16:9 திரை ஒன்றின் அகலம் 53 செ.மீ., என் பழையது 52. மூன்றையும் வரிசையாக வைத்தால் 158. அக்கா பையன்தான் வழி சொன்னான்: “மாமா, சைடுல வர்ற ரெண்டையும் நிமிர்த்தி வைங்க.” நிமிர்த்தினால் ஒன்று 30 செ.மீ. தான் பிடிக்கும். 30, 52, 30. சட்டம் எல்லாம் சேர்த்தும் மேசைக்குள் அடங்கிவிடும். அதோடு கையெழுத்துப் பிரதியும் நெடுக்குவாட்டில்தானே இருக்கிறது!

கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனோம். முதல் கடையில் 27 அங்குலத்தைத் தலையில் கட்டப் பார்த்தார்கள், “சார், காசு கொஞ்சம்தான் கூட வரும்” என்று. அதுவும் 1920×1080 தான். அதே எண்ணிக்கைப் புள்ளிகளைப் பெரிய திரையில் பரப்பினால் அங்குலத்துக்கு 82 புள்ளி வரும். என் பழைய திரைக்கு 94. நடுத்திரையிலிருந்து ஒரு பக்கத்தை ஓரத்துக்கு இழுத்தால் எழுத்து சட்டென்று தடித்துப் பெருத்துவிடும். நாள் முழுக்க கண் அதோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். 24 அங்குல 1080-க்கு 92. ஏறக்குறைய ஒன்றுதான். ஜோடி சேர்க்கிறவர்கள் அங்குலத்தைவிட இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

இரண்டாவது கடையில் டிஎன் என்ற விலை மலிவான திரை வகையில் ஒன்று இருந்தது. அதன் ஸ்டாண்ட் சுழலாது. நானும் கடைப் பையனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பக்கவாட்டில் நிறுத்தி, நோட்பேடில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்தோம். “எதுக்கு சார் கவுக்குறீங்க?” என்று அவன் சிரித்தான். தலையை அரை அடி நகர்த்தினால் போதும், வெள்ளை மஞ்சளித்து, அப்புறம் சாம்பல் பூத்தது. மயில்கழுத்துப் பட்டு கெட்டது போங்கள். ஒரு கண்ணுக்கு ஒரு நிறம், மறு கண்ணுக்கு இன்னொன்று. ஐபிஎஸ் என்ற இன்னொரு வகைத் திரையை அதேபோல் நிறுத்தினோம். நிறம் அசையவில்லை. ஸ்டாண்டிலேயே சுழலும் ஐபிஎஸ் மாடலாக இரண்டு எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ரூ. 3,000 கூடக் கொடுத்தேன், அதில் வருத்தமில்லை.

வீட்டுக்கு வந்து மாட்டினால் இரண்டு திரைதான் எரிந்தது. என்னுடைய ஜிடி 1030 கிராஃபிக்ஸ் கார்டில் திரை மாட்டும் துளைகள் ஒரு ஹெச்டிஎம்ஐ, ஒரு டிவிஐ. அவ்வளவுதான், அது இரண்டுக்கு மேல் தாங்காது. வாங்கும் முன்பே சிபியுவைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஒரு கடையில் கேட்டதற்கு ஹெச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் என்று ஒரு டப்பியைக் கொடுத்தார்கள். அதில் இரண்டு திரையிலும் ஒரே படம் வந்தது. கல்யாண மண்டபத்தில் நாலு டிவியில் முகூர்த்தம் காட்டுவதற்கு ஆகும். தனித்தனித் திரையாக விரியாது.

விடை மதர்போர்டிலேயே இருந்தது. கார்டு போட்டிருக்கும்போது பல போர்டுகளில் உள்ளிருக்கும் கிராஃபிக்ஸ் தானாக அணைந்துவிடும். கம்ப்யூட்டர் கிளம்பும்போதே திறக்கும் பயாஸ் அமைப்புக்குள் போய் மல்டி மானிட்டர் என்ற வரியைத் தேடி எனேபிள் செய்ததும் போர்டின் ஹெச்டிஎம்ஐயும் உயிர் பெற்றது. என்னுடைய பிராசசர் இன்டெல் ஐ3-10100 என்பதால் தப்பித்தேன். எஃப் என்ற எழுத்தில் முடியும் இன்டெல் சிப்பாக இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸே கிடையாது, வேறு கார்டு வாங்கியிருக்க வேண்டும். பழைய டெல்லுக்கு ஹெச்டிஎம்ஐ இல்லை, அதற்கு டிவிஐ. புதிய இரண்டில் ஒன்று கார்டுக்கு, ஒன்று போர்டுக்கு. போர்டில் விஜிஏ என்ற பழைய வகைத் துளையும் இருந்தது, முதலில் அதில் மாட்டிப் பார்த்தேன். ணகரத்தின் சுழிகள் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டின. மறுநாளே கேபிளை மாற்றினேன்.

நிறம் இன்னொரு தொல்லை. புதுசு நீலம் பாரித்தது, பழசு கொஞ்சம் மங்கல். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு, புதியவற்றின் மெனுவில் நீலத்தையும் வெளிச்சத்தையும் குறைத்துக்கொண்டே வந்தேன். முழுசாக ஒத்துப்போகவில்லை. அட்டை நிறத்தை நடுத்திரையில் மட்டும்தான் பார்க்கிறேன். நிமிர்த்திய திரைகளில் எழுத்தின் விளிம்பில் லேசாக வண்ணப் பிசிறும் தெரிந்தது. கிடையாக இருக்கும் திரைக்கென்று செய்த கிளியர்டைப் (எழுத்தை மெருகேற்றும் விண்டோஸ் வசதி), திருப்பியதும் தடுமாறுகிறது. அக்ரோபேட்டில் எழுத்து மெருகை ‘மானிட்டர்’ என்று மாற்றியதும் பிடிஎஃப்பில் அது போய்விட்டது.

கடைசியாகக் கர்சர். ஓரத்திரையின் உயரம் 1920 புள்ளி, நடுவில் 1200. ஓரத்தின் உச்சியிலிருந்து உள்ளே தள்ளினால் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். நோட்பேடை இரண்டு திரைக்கும் குறுக்கே இழுத்து வைத்து, அதிலிருந்த ஒரு வரி ஒடியாமல் நேராகத் தெரியும்வரை டிஸ்ப்ளே செட்டிங்ஸில் திரைகளைக் குறிக்கும் கட்டங்களை மேலும் கீழும் நகர்த்தினேன். அப்படியும் முதல் இரண்டு நாள் கர்சரைத் தேடுவதிலேயே போனது. கன்ட்ரோல் கட்டையை அழுத்தினால் அது இருக்கும் இடத்தில் வட்டம் காட்டுகிற வசதி மவுஸ் செட்டிங்ஸில் உண்டு, அதைப் போட்டு வைத்திருக்கிறேன். இப்போது இடது திரையில் ஆசிரியரின் நோட்டுப் பக்கம் தலையிலிருந்து கால்வரை முழுசாகத் தெரிகிறது. ஓரத்தில் அவர் கிறுக்கி வைத்திருப்பதற்குத்தான் இன்னும் போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது.