தம்பி எழுந்து போகும் நேரம்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், எங்கள் தோட்டத்து வீட்டில், இரவானால் எல்லாரும் அஸ்ட்ரோ டிவி முன்னால்தான். விடியுமுன் தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போக வேண்டிய அம்மாகூடத் தூங்க மாட்டார். நாடகத்தில் இடுப்பை ஆட்டி நடக்கும் ஆண் வந்தால் வீடே சிரிக்கும். தம்பி மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போவான். ஏன் என்று பல வருஷம் எனக்குப் புரியவில்லை. தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று அவனாகச் சொன்னபோது அவனுக்கு வயது 24.

அப்புறம்தான் 'மாடர்ன் ஃபேமிலி' பார்த்தேன். 2009 முதல் 2020 வரை வந்த அமெரிக்கத் தொடர். அதில் மிட்சல், கேமரூன் என்ற ஆண் ஜோடி வியட்நாமிலிருந்து தத்தெடுத்த லில்லியை வளர்க்கிறார்கள். எல்லா வீட்டிலும் நடக்கிற சண்டைதான் அங்கேயும். மிட்சலின் அப்பா ஜேவுக்கு மனசு அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. ஆனாலும் 2014இல் ஒளிபரப்பான கல்யாணத்தில் மகனைக் கூட்டிக்கொண்டு நடப்பது அவர்தான். எங்கள் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அப்படி நடந்திருப்பாரா என்று நினைத்து அழுதுவிட்டேன்.

நம் நாட்டுச் சட்டம் அப்படி ஒரு கல்யாணத்தை ஏற்காது, தெரியும். நான் கேட்பது கல்யாணக் காட்சி இல்லை. தமிழ் நாடகத்தில், வேலைக்குப் போய், அம்மாவுக்கு மருந்து வாங்கி வருகிற ஒரு தம்பி. அவனைப் பார்த்து யாரும் சிரிக்காத ஓர் அரைமணி நேரம்.

போன தீபாவளிக்கு அதே மாதிரி காட்சி வந்தது. அம்மா சிரிக்க ஆரம்பித்தார். நான் சேனலை மாற்றினேன். தம்பி எழுந்து போகவில்லை.