அக்கா எழுதி வைத்த சிகிச்சை விருப்பம்

மனநோய் முற்றிச் சுயமாக முடிவெடுக்க இயலாத நிலை வந்தால் எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தம் சார்பில் யார் பேச வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை, 18 வயது நிறைந்த எவருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 5ஆம் பிரிவு தருகிறது. ஏற்கெனவே மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவரும் எழுதலாம், பெறாதவரும் எழுதலாம். இதைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்னும் பகுதியையே அழுத்திச் சொல்கிறார்கள். மிகை உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயுடன் வாழும் என் அக்காவின் ஆவணத்தை உடனிருந்து எழுதியவன் என்ற முறையில், ‘வேண்டும்’ என்னும் பகுதிதான் அதிகம் பயன்படும் என்று நான் நினைக்கிறேன்.

ஹாலோபெரிடால் ஊசி போட்டபோது கழுத்து ஒருபக்கமாக இழுத்துக்கொண்டதால் அது வேண்டாம் என்பது அக்காவின் ஆவணத்தில் ஒரே வரி. ஓலான்சபைன் கொடுத்தால் தூக்கம் திரும்புகிறது, மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியத்தைத் தொடர்ந்தால் இரத்தத்தில் அதன் அளவையும் தைராய்டையும் சோதிக்க வேண்டும், வார்டில் கைப்பேசியை வாங்கி வைத்துவிடலாம், மகளை மட்டும் பார்க்க அழைத்து வரக் கூடாது என்று மீதிப் பக்கம் நிறைந்துவிட்டது. தூக்கம் குறையத் தொடங்கியதுமே மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும் என்றும் எழுதினாள். முடிவெடுக்கும் திறனை இழந்த பிறகே ஆவணம் செயல்படும் என்பதால் சட்டப்படி அந்த வரிக்கு வலு இல்லை. ஆனால் வீட்டில் இருக்கும் எங்களுக்கு அதுதான் முதல் வரி.

தன் சார்பில் பேச வேண்டிய நியமனப் பிரதிநிதியாக மாமாவை எழுதாமல் என்னை எழுதியதில் மாமாவுக்கு வருத்தம். “இத்தனை வருஷம் பார்த்துக்கிட்டது நான்தானே?” என்றார். “அதனாலதான். நீங்களே கையெழுத்துப் போட்டு ஆஸ்பத்திரியில சேர்த்தா, வீட்டுக்கு வந்ததும் உங்க மேலதான் கோபம் வரும். இவன் மேல வந்தா வந்துட்டுப் போகட்டும்” என்றாள் அக்கா. எவரையும் நியமிக்காவிட்டால்தான் அந்தப் பொறுப்பு உறவினருக்குப் போகும்.

ஆவணத்துக்கு எல்லைகளும் உண்டு. அவசர சிகிச்சையை இது கட்டுப்படுத்தாது. சட்டம் அதற்குப் பொதுவாக 72 மணி நேரம் வரை அனுமதிக்கிறது, ஆனால் அவசர சிகிச்சைக்கான அந்தப் பிரிவைக் காட்டி, மூளைக்கு மின்சாரம் செலுத்தும் மின்னதிர்வு சிகிச்சை கொடுக்க முடியாது. ஆவணத்தை ஏற்க இயலாது என்று கருதும் மருத்துவரோ உறவினரோ பராமரிப்பவரோ இந்தச் சட்டத்தின்கீழ் அமையும் மனநல மறுஆய்வு வாரியத்திடம் விண்ணப்பித்து மாற்றக் கேட்கலாம்.

உரிய நேரத்தில் ஆவணம் மருத்துவரின் கைக்குக் கிடைக்கச் செய்யும் கடமையை, ஆவணத்தை எழுதியவரிடமும் பிரதிநிதியிடமும்தான் சட்டம் விட்டிருக்கிறது. நகல் கிடைக்காத மருத்துவர் ஆவணத்தைப் பின்பற்றவில்லை என்று குற்றம் சொல்ல முடியாது. பீரோவில் பூட்டி வைத்தால் யாருக்குப் பயன்? மருந்துச்சீட்டுக் கோப்பில் ஒரு நகலும் என் கைப்பேசியில் அதன் படமும் இருக்கின்றன. நோய் ஏறும்போது அக்கா கடைகடையாக ஏறி வாங்கிக் குவிப்பதற்கு மட்டும் இதில் வழியில்லை, சட்டம் சிகிச்சையோடு நின்றுவிடுகிறது. அதற்கு அவள் சம்மதத்துடன் வங்கி அட்டையின் வரம்பைக் குறைத்து வைத்திருக்கிறோம்.