மதாமின் வலது கண்

பெப்ரவரி 4
இன்று கண்ணில் ஊசி. முடியும்வரை மதாம் என் கையை விடவில்லை. வரவேற்பில் இருந்த பிள்ளை, "நீங்கள் என்ன முறை?" என்று கேட்டாள். "வீட்டு வேலைக்கு வருபவர்" என்று மதாமே சொன்னார். அது உண்மைதான்.

பெப்ரவரி 5
மதாமின் பெறாமகன் போன் எடுக்கவில்லை.

பெப்ரவரி 8
'லா தெத் ஆன் ஃபிரிஷ்' போட்டேன். ழான் பெக்கரின் 2010ஆம் ஆண்டுப் படம். நான் பார்த்தேன், மதாம் கேட்டார். சரியாக வாசிக்கத் தெரியாத ஜெர்மேனாக நடிகர் தெபார்தியூ. கிடைத்த வேலைக்குப் போவான், காய்கறி பயிரிடுவான், தாயின் வளவில் ஒரு கரவனில் படுப்பான். பூங்கா வாங்கில் புறாக்களை எண்ணும்போது மார்கரித் என்ற மூதாட்டியைச் சந்திக்கிறான். மார்கரித்தாக நடித்த ஜீசெல் கசதெசுவுக்கு அப்போது 95 வயது. பிறகு 103 வரை இருந்தார்.

மார்கரித் எழுத்தாளர் காமுவின் 'கொள்ளைநோய்' நாவலை வாசிக்க, ஜெர்மேன் கண்ணை மூடி எலிகளைக் காண்கிறான். மதாமும் கண்ணை மூடிக்கொண்டார். பள்ளியில் வாத்தியார் ஜெர்மேனை எல்லோர் முன்னும் அவமானப்படுத்தும் காட்சியில் மட்டும் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். ஆயுள் முழுக்கப் படிப்பித்தவர். நான் ஒன்றும் கேட்கவில்லை.

மார்கரித்துக்கும் இதே கண் நோய்தான். முதலே தெரிந்திருந்தால் போட்டிருப்பேனோ தெரியாது.

பெப்ரவரி 9
நித்திரையே இல்லை. அந்த முடிவுதான் காரணம். செலவைக் கட்ட முடியாமல் மார்கரித்தின் பெறாமகன் அவரைப் பெல்ஜியத்தில் ஓர் இல்லத்துக்கு அனுப்புகிறான். ஜெர்மேன் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறான், அவ்வளவுதான்! யாரும் ஒரு கையெழுத்துக் கேட்கவில்லை. அழுதேன், கோபமும் வந்தது. மதாமை எங்காவது கொண்டுபோனால் எந்த வாசலில் போய் நின்று நான் என்ன சொல்வது?

பெப்ரவரி 11
'கொள்ளைநோய்' தொடங்கினோம். ஏப்ரல் 16 காலை, படிக்கட்டில் செத்த எலி ஒன்று மருத்துவர் ரியூவின் காலில் இடறுகிறது. எங்கள் கட்டடத்தில் எலியே இல்லை என்று காவலாளி கொதிக்கிறார். படி கூட்டிக் கழுவுபவளுக்கு அந்தக் கோபம் நன்றாக விளங்கும். மதாம் என் உச்சரிப்பை ஓரிடத்திலும் திருத்தவில்லை.

பெப்ரவரி 13
சமூக சேவகி சொன்ன செய்தி. பிரான்சின் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி, நோயாளி தன் நம்பிக்கைக்குரியவர் என்று ஒருவரை எழுதிக் கொடுக்கலாம். இரத்த உறவாக இருக்கத் தேவையில்லை. இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரம் வராது. மதாமால் பேச முடியாத நாளில், அவருடைய விருப்பம் என்னவென்று வைத்தியர்கள் என்னிடம் கேட்க வேண்டும். எனக்கு அது போதும்.

பெப்ரவரி 14
பெறாமகன் எடுத்தார். பிரான்சின் மேற்குக் கோடியில், பிரெத்தாஞ்சில் ஓர் இல்லத்தில் இடம் இருக்கிறதாம்.

பெப்ரவரி 15
வாசிக்கவில்லை. சூப் அப்படியே இருந்தது.

பெப்ரவரி 17
படிவத்தை மதாம் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். கையெழுத்துக் கோடு அவருக்குத் தெரியவில்லை. என் விரலைக் கோட்டின் கீழ் வைத்தேன், அதைத் தடவிக்கொண்டே எழுதினார். கடைசி எழுத்து என் நகத்தில் ஏறிவிட்டது. பிறகு என் முறை.

சனிக்கிழமை பெறாமகன் வருகிறார். அதற்குள் குடும்ப வைத்தியரிடம் ஒரு பிரதி கொடுக்க வேண்டும், காலை ஒன்பதுக்கே