நைனாவின் இடது கால்

ராத்திரியெல்லாம் நைனா கட்டிலில் இடது காலைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருப்பார். நீட்டிப் படுத்தால் எரிச்சல், தொங்கவிட்டால் கொஞ்சம் தேவலை. குடியாத்தத்தில் நாற்பது வருஷம் குழித்தறி மிதித்த கால். கூடவே தினம் ஒரு கட்டு பீடி, பத்து வருஷச் சர்க்கரை.

நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது, நின்னா விட்டுடுது என்று ஒரு வருஷமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். வாயு என்று எண்ணெய் தேய்த்தோம். அம்மா வெந்நீர் ஒத்தடம் வேறு. (செய்யவே கூடாதாம், மரத்த கால் வெந்துபோகும்.)

சுண்டுவிரல் கறுத்தபின் உள்ளூரில் காட்டினோம். "முழங்காலுக்கு மேல எடுத்துடணும்" என்றார்கள். பாதத்தில் விரல் வைத்து நாடி பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வேலூருக்கு இட்டுனு போனோம். ரத்தக்குழாய் டாக்டர் கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டி, ரத்த ஓட்டச் சத்தம் கேட்கும் டாப்ளர் கருவியில் பிரஷர் அளந்தார். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்தால் 0.9க்குக் குறையக் கூடாது. நைனாவுக்கு 0.35. சர்க்கரைக்காரர்களுக்குக் குழாய் கெட்டிப்பட்டு இந்தக் கணக்கு தப்பாகவும் காட்டுமாம். அதனால் கால் கட்டைவிரலுக்கும் ஒரு குட்டிப் பட்டை. அங்கே 24. முப்பதுக்குக் கீழே போனாலே ஆபத்து.

சிறுநீரகம் சரியா என்று ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்துவிட்டு, சாயம் ஏற்றி ரத்தக்குழாயைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோ எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே மூன்று குழாயும் அடைப்பு. புது ரத்தக்குழாய் வளரத் தூண்டுமாம், ஸ்டெம் செல் ஊசி. அதைப் பற்றி போனில் படித்திருந்தேன், கேட்டேன். "இருக்குது தம்பி, 2020லயே நம்ம நாட்டுல அனுமதி குடுத்துட்டாங்க. கெண்டைச் சதையில போடுவாங்க. ஆனா குழாயைத் திறக்க வழி இருந்தா முதல்ல அதைத்தான் பார்க்கணும்."

தொடை இடுக்கில் ஊசி குத்தி, மெல்லிய கம்பி விட்டு, 2.5 மில்லிமீட்டர் பலூனால் திறந்தார்கள். நைனா முழிப்போடுதான் இருந்தார். திரையில் பார்த்ததைப் பிறகு சொன்னார்: "பாவுல நூல் அறுந்து கிடக்கிற மாதிரி இருந்துச்சுடா, இழுத்து முடிஞ்சிட்டானுங்க." மூன்றில் ஒன்றுதான் திறந்தது. புண் ஆற அது போதும் என்றார் டாக்டர். சுண்டுவிரலை மட்டும் எடுத்தார்கள். புண் ஆற மூன்று மாதம் பிடித்தது.

ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரை நிற்காமல் ஓடுகிறது. பீடியை விட்டுட்டேன் என்கிறார். அம்மா காலையில் முதலில் பாதத்தைத் தொட்டுச் சூடு பார்க்கிறாள், அப்புறம் சட்டைப் பையை.