போக ஆறரை, வர ஒன்றரை

"போறப்ப ஆறரை மணி நேரம், வர்றப்ப ஒன்றரைதானாப்பா?"

கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் சிங்கப்பூர் விமான டிக்கெட்டை விரித்து ஓர் அம்மா மகனிடம் கேட்கிறார். திருச்சியில் காலை 10.00, சிங்கப்பூரில் மாலை 4.30. திரும்பும்போது அங்கே காலை 10.00, இங்கே 11.30.

இரண்டுமே நாலு மணி நேரம்தான். தூரம் ஏறக்குறைய 3,000 கி.மீ.

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது அதைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள். காற்றைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் ஆகும்.

நேரத்தைவிடத் தேதிதான் ஆளைக் கவிழ்க்கும்.

15-ஆம் தேதி 00.30 என்று இருந்தால், அது 14-ஆம் தேதி ராத்திரி. 15 ராத்திரி பெட்டியோடு போனால், விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும். பணமும் போச்சு.

கும்பகோணத்திலிருந்து திருச்சி விமான நிலையம் ஏறக்குறைய 90 கி.மீ. மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டுமென்றால், 14 சாயங்காலம் 6.30-க்கே கார் வாசலில் நிற்கணும். விமானம் கிளம்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் கவுண்டரை மூடிவிடுவார்கள்.

சிங்கப்பூர் வருகை அட்டையை (SG Arrival Card), இறங்குவதற்கு முன், இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்புங்கள். கட்டணம் கிடையாது, யாரும் கேட்டால் கொடுக்காதீர்கள்.