மேலண்ணத்தில் படுத்திருந்த கோரைப்பல்

18 வயதிலும் எனக்கு மேல்வரிசையில் இடது பக்கம் ஒரு பால் பல் விழாமல் இருந்தது. ஆடவும் இல்லை, வலிக்கவும் இல்லை. அதற்கு முன்னால் இருந்த பல் மட்டும் சிறுத்துக் கூம்பிப் போயிருக்கும். முன்பல் சந்துகளை மூட க்ளிப் போடலாம் என்று போனபோதுதான், வரவேண்டிய கோரைப்பல் எலும்புக்குள்ளேயே சாய்ந்து படுத்திருப்பது, எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயில் தெரிந்தது.

எக்ஸ்ரேயைப் பார்த்ததும் டாக்டர் அம்மாவிடம், "வீட்டில் வேறு யாருக்காவது பல் முளைக்காமல் இருக்கா?" என்று கேட்டார். "இவ அத்தைக்கு இருக்கு டாக்டர்" என்று அம்மா உடனே சொன்னார். பழி அப்பா குடும்பத்தின் மேல் போனதில் அவருக்கு ஒரு திருப்தி.

கேள்வியில் அர்த்தம் இருந்தது. ஞானப்பல்லுக்கு அடுத்தபடி அதிகம் சிக்கிக்கொள்வது மேல் கோரைப்பல்தான். நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு இப்படி ஆகிறது, அதிலும் பெண்களுக்கே கூடுதல். அது மூக்கை ஒட்டி உயரத்தில் உருவாகி, பக்கத்து முன்பல்லின் வேரைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் இறங்கி வரவேண்டும். அந்தப் பல் சிறுத்தோ இல்லாமலோ போனால் பிடிமானம் தவறி அண்ணத்தின் பக்கம் போய்விடுகிறது என்பது ஒரு விளக்கம். சிறுத்த பல், முளைக்காத பல், வழிதவறிய கோரைப்பல் எல்லாமே ஒரே பரம்பரைக் கோளாறின் பல முகங்கள் என்பது இன்னொன்று. என் வீட்டைப் பார்த்தால் இரண்டும் சரியாகத்தான் படுகிறது.

ஓபிஜி தட்டையான படம். பல் உதட்டுப் பக்கமா, அண்ணத்துப் பக்கமா என்பதை அதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்தோம். பல் அண்ணத்தில் இருந்தது. அதன் முனை பக்கத்துப் பல்லின் வேரில் இடித்து, அதைக் கொஞ்சம் அரித்தும் இருந்தது. இந்த அரிப்புக்கு வலியே இருக்காதாம். 'தொந்தரவு இல்லையே, அப்படியே விட்டுவிடலாம்' என்ற யோசனை அந்தப் படத்தோடு முடிந்தது. கோரைப்பல்லை எடுத்துவிட்டு, பின்னால் இருக்கும் கடைவாய்ச் சிறுபல்லை அந்த இடத்துக்கு நகர்த்தவும் வழி உண்டு. ஆனால் வாயிலேயே நீளமான வேர் கோரைப்பல்லுக்குத்தான். இழுத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

முதலில் க்ளிப் போட்டு, ஸ்பிரிங் வைத்து இடம் உண்டாக்கினார்கள். அதற்கே பல மாதங்கள். பிறகு அறுவை சிகிச்சை: மரத்துப்போக ஊசி போட்டு, பால் பல்லை எடுத்து, அண்ணத்து ஈறைத் திறந்து, மூடியிருந்த எலும்பை விலக்கி, பல்லின் மேல் ஒரு சின்னத் தங்கச் சங்கிலியை ஒட்டி, தையல் போட்டு மூடினார்கள். அண்ணத்தில் போடும் ஊசிதான் கொடுமை. மற்றபடி சத்தமும் அழுத்தமும் மட்டும்தான். அப்புறம் கொஞ்ச நாள் ஆறின ரசம் சாதம், கேழ்வரகுக் கூழ், உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு.

எல்லாரும் அறுவை சிகிச்சையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். பொறுமையைச் சோதிப்பது அதற்குப் பின்னால் வருகிற இழுப்புதான். ஈறுக்கு வெளியே தொங்கும் சங்கிலி நுனியைக் கம்பியோடு எலாஸ்டிக் நூலால் கட்டுவார்கள். மாதம் ஒருமுறை இறுக்கம். அவசரப்பட்டு இழுத்தால் வேர்களுக்குக் கெடுதல். நேராக வரிசைக்கு இழுக்காமல், முதலில் பக்கத்து வேரை விட்டுப் பின்னால் விலக்கினார்கள். பல மாதங்கள் வெளியில் எந்த மாற்றமும் தெரியவில்லை. நடுவில் சங்கிலி பிய்ந்தால் மறுபடி திறக்கவேண்டி வரலாம், பல் எலும்போடு ஒட்டிப்போயிருந்தால் அசையவே அசையாது என்றெல்லாம் முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். இரண்டும் நடக்கவில்லை. ஒருநாள் நாக்கில் முனை தட்டியது. அதை வரிசைக்குக் கொண்டுவந்து, வேரை நிமிர்த்தி முடிக்க இன்னொரு வருடத்துக்கு மேல் ஆனது. கடைசியில் கூம்புப் பல்லைக் காம்போசிட் என்ற பல் நிறப் பூச்சு வைத்து அகலமாக்கினார்கள்.

இதற்கிடையில் டாக்டர் என் தங்கையையும் அழைத்துவரச் சொன்னார். அவளுக்கு அப்போது 11 வயது. இந்த வயதுக்குள் மேலீறின் வெளிப்பக்கம் விரலால் தடவினால் கோரைப்பல்லின் புடைப்பு தட்டுப்படவேண்டும். அவளுக்கு ஒரு பக்கம்தான் இருந்தது. எக்ஸ்ரே எடுத்துவிட்டு, பால் கோரைப்பல்லை மட்டும் பிடுங்கினார்கள். 1988இல் எரிக்சன், குரோல் என்ற ஸ்வீடன் ஆய்வாளர்கள் 10 முதல் 13 வயதுக் குழந்தைகளிடம் இதைச் செய்து பார்த்ததில், அண்ணத்துப் பக்கம் போன 46 கோரைப்பற்களில் 36 தாமாகவே சரியான பாதைக்குத் திரும்பின. பக்கத்துப் பல்லின் வேரை அதிகம் தாண்டாதவையே பெரும்பாலும் திரும்பியவை. தங்கையுடையது தாண்டவில்லை. ஒரு வருடத்துக்குள் பல் இறங்கிவிட்டது. அவளுக்குச் சங்கிலியும் இல்லை, கூழும் இல்லை. நான் இன்னும் ராத்திரி, பற்கள் மறுபடி நகராமல் பிடித்துவைக்கும் ரீட்டெய்னர் மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன்.